விரிந்து சுருங்கும் வெண்கடல்

அண்டார்ட்டிக்காவைச் சுற்றியுள்ள கடற்பனி ஆண்டுதோறும் வரும், போகும். 2016க்குப் பிறகு அதன் வரவு குறைந்துவிட்டது. அதனால் யாருக்கு என்ன?

மார்ச் மாதம் பிறந்தால் நம் வீடுகளில் பள்ளி விடுமுறையும் வெயிலும்தான் பேச்சு. அதே வாரங்களில் பூமியின் தென்கோடியில் கோடை முடிந்து இருள் கூடுகிறது. அண்டார்ட்டிக்காக் கண்டத்தைச் சுற்றியுள்ள கடல் உறையத் தொடங்குகிறது. தொடங்கினால் ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு அது ஓய்வதில்லை. சராசரிக் கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 70,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்பரப்பு புதிதாக உறைகிறது. கிட்டத்தட்ட நூறு சிங்கப்பூர்களின் பரப்பளவு அது. ஒவ்வொரு நாளும் அவ்வளவு பனி கூடுகிறது.

கோடையின் கடைசியான பிப்ரவரி இறுதியில் அங்கு மிஞ்சியிருக்கும் கடற்பனி, நீண்டகாலச் சராசரிப்படி ஏறக்குறைய 3 மில்லியன் சதுர கிலோமீட்டர். செப்டம்பரில் அது 18.5 மில்லியனைத் தாண்டும். அண்டார்ட்டிக்காக் கண்டத்தின் பரப்பே ஏறத்தாழ 14 மில்லியன் சதுர கிலோமீட்டர்தான். ஆக, கண்டத்தைவிடப் பெரிய வெள்ளைப் போர்வை ஒன்று குளிர்காலத்தில் அதைச் சுற்றி விரிகிறது. மலேசியாவைப்போல் 56 நாடுகளை அதற்குள் அடக்கிவிடலாம். பிறகு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, ஐந்தே மாதங்களில், அதில் பெரும்பகுதி கரைந்து காணாமல் போகிறது.

பூமியில் ஆண்டுதோறும் நடக்கும் ஆகப் பெரிய பருவ மாற்றங்களில் இதுவும் ஒன்று. மனிதர் கண்ணில் படாத இடத்தில் நடப்பதால் நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. போன பனி திரும்பி வந்துவிடும் என்ற உறுதி அறிவியலாளர்களிடம் நெடுங்காலம் இருந்தது. 2016ஆம் ஆண்டிலிருந்து அந்தக் கணக்கு இடிக்கிறது.

எந்தப் பனி?

அண்டார்ட்டிக்காவில் பனி உருகுகிறது என்று செய்தி வந்தால், எந்தப் பனி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கு மூன்று வகை உண்டு.

முதலாவது, நிலத்தின்மேல் கிடக்கும் பனிப்பாளம். காலங்காலமாகப் பெய்த பனி இறுகி இறுகி உருவானது. அதன் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அது முழுவதும் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகின் கடல்மட்டம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரும்.

இரண்டாவது, பனித்தட்டு. நிலத்திலுள்ள பனி ஆறுபோல் மெல்ல நகர்ந்து கரையைத் தாண்டி, நிலத்தோடு ஒட்டியபடியே கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதி இது. பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன் கொண்டது.

மூன்றாவதுதான் கடற்பனி. வானத்திலிருந்து பெய்ததோ நிலத்திலிருந்து வந்ததோ அல்ல, கடல்நீரே உறைந்து உருவாவது. தடிமன் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மீட்டர்தான்.

இந்த மூன்றாவது வகை உருகினால் கடல்மட்டம் கிட்டத்தட்ட உயராது. காப்பிக்கடையில் தே ஓ ஐஸ் வாங்கி மேசையில் வைத்துவிட்டு நண்பருடன் பேசிக்கொண்டிருங்கள். பனிக்கட்டி முழுவதும் கரைந்தாலும் குவளை வழியாது. உருகினால் எவ்வளவு நீராகுமோ, அவ்வளவு இடத்தை மிதக்கும்போதே அது பிடித்துக்கொண்டிருக்கிறது. கடற்பனிக்கும் அதே விதிதான்.

அப்படியானால் கடற்பனி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கடல் எப்படி உறைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய்ப் படலம், பிறகு ஆப்பம்

நன்னீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். கடல்நீரில் உப்பு இருப்பதால் அது உறைய மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். அந்த நிலை வந்ததும் நீரில் ஊசிபோன்ற மெல்லிய பனித்துகள்கள் தோன்றும். அவை கூடக்கூடக் கடலின் மேற்பரப்பு எண்ணெய் படர்ந்ததுபோல் மங்கிப்போகும். அலைகளில் அந்தக் குழம்பு ஆடி, ஒன்றோடொன்று மோதி, வட்ட வட்டத் தட்டுகளாகத் திரளும். மோதலில் ஓரங்கள் சற்றுத் தூக்கி நிற்கும். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பேன்கேக்’ பனி என்று பெயர். நம் பிள்ளைகளிடம் ஓரம் தூக்கிய ஆப்பம் என்று சொன்னால் உடனே புரியும். இந்த ஆப்பங்கள் ஒட்டிக்கொண்டு, தடித்து, மேலே பனி பொழிந்து, வெள்ளைத் தரையாக மாறிவிடுகின்றன.

உறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. பனிக்கட்டியின் கட்டமைப்புக்குள் உப்புக்கு இடமில்லை. எனவே உறைகின்ற நீர் தன்னிடமுள்ள உப்பில் பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடுகிறது. பனிக்குக் கீழுள்ள நீர் மேலும் உப்பாகி, மேலும் கனமாகிறது. இந்தச் சின்ன விஷயத்தின் விளைவு மிகப் பெரியது. சற்றுப் பின்னால் அதற்கு வருவோம்.

வட துருவமும் தென் துருவமும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல. ஆர்க்டிக் என்பது நிலங்கள் சூழ்ந்த கடல். அங்கு உருவாகும் பனி வெளியேற வழியின்றிப் பல ஆண்டுகள் தங்கித் தடிக்க முடியும். அண்டார்ட்டிக்கா கடல் சூழ்ந்த நிலம். அங்குள்ள பனியைத் தடுத்து நிறுத்த வடக்கே கரை எதுவும் இல்லை. அதனால் குளிர்காலத்தில் தாராளமாக விரிகிறது, கோடையில் தாராளமாகக் கரைகிறது. அங்கு நாம் பார்க்கும் கடற்பனியில் பெரும்பகுதி அந்த ஆண்டே பிறந்தது.

விரிய ஏழு மாதம், சுருங்க ஐந்து மாதம் என்ற ஏற்றத்தாழ்வு அறிவியலாளர்களைப் பல ஆண்டுகள் குழப்பியது. 2022ல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு எளிய விடை தந்தது. காரணம் சூரியன்தான். அங்கே கோடை வெளிச்சம் குறுகிய காலத்தில் விறுவிறுவென்று உச்சத்துக்கு ஏறி இறங்குகிறது. குளிர்கால இருளோ நீண்டு கிடக்கிறது. அதனால் உறைவது நிதானமாகவும் உருகுவது வேகமாகவும் நடக்கின்றன.

கப்பலை நெரித்த பனி

ஒன்றிரண்டு மீட்டர்தானே என்று கடற்பனியைக் குறைத்து எடைபோட முடியாது. ஆய்வுப் பயணி எர்னெஸ்ட் ஷேக்கல்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் 1915ஆம் ஆண்டு ஜனவரியில் வெடெல் கடலின் பனியில் சிக்கிக்கொண்டது. கோடைக் காலத்திலேயே சிக்கிய கப்பல், குளிர்காலம் முழுவதும் பனியோடு பனியாக நகர்ந்தது. பனிப்பாளங்கள் இரு பக்கமும் நெருக்கியதில் அதன் மரச்சட்டங்கள் நொறுங்கின. அக்டோபரில் மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் பனிமேல் கூடாரமடித்தனர். நவம்பர் 21ஆம் தேதி கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் பெரும் போராட்டத்துக்குப்பின் உயிர் தப்பியது தனிக் கதை.

அந்தக் கப்பலின் சிதைவை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆய்வாளர்கள் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தனர். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் அண்டார்ட்டிக்காவின் கடற்பனி அதுவரை பதிவாகாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓர் ஆண்டின் பனியை மட்டும் வைத்துப் பருவநிலையைப் பற்றி முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த ஆண்டு தனித்து நிற்கவில்லை.

துணைக்கோள் வைத்திருக்கும் கணக்கு

ஷேக்கல்டன் காலத்தில் பனி எதுவரை பரவியிருக்கிறது என்பதைக் கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளில்தான் பார்க்க முடியும். ஒழுங்கான கணக்கு 1978ன் இறுதியில் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஏவப்பட்ட ‘நிம்பஸ் 7’ என்ற அமெரிக்கத் துணைக்கோளில் பூமியிலிருந்து இயல்பாகக் கிளம்பும் நுண்ணலைகளை அளக்கும் கருவி இருந்தது. மேகம் மூடியிருந்தாலும், மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத துருவ இருளிலும், அதனால் பனியையும் நீரையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்தக் கணக்கை அடுத்தடுத்த துணைக்கோள்கள் இன்றுவரை தொடர்கின்றன. கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் குறைந்தது 15 விழுக்காடு பனி இருந்தால் அதைப் பனிப்பரப்பாக எண்ணுவது வழக்கம்.

முதல் 35 ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கு ஒரு புதிர். உலகம் சூடேறிக்கொண்டிருந்தது. ஆர்க்டிக் பனி குறைந்துகொண்டே வந்தது. அண்டார்ட்டிக்காவின் கடற்பனி மட்டும் மெல்லக் கூடியது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அது 20 மில்லியன் சதுர கிலோமீட்டரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. பருவநிலை மாற்றமே பொய் என்று வாதிட்டவர்கள் இந்த எண்ணைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டினார்கள்.

2016ஆம் ஆண்டின் இறுதியில் நிலைமை தலைகீழானது. தென்பகுதியின் வசந்த காலத்தில் பனி அதுவரை காணாத வேகத்தில் கரைந்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் கோடைக்கால அளவு புதிய தாழ்நிலைக்கு இறங்கியது. 2022 பிப்ரவரியில் 1.92 மில்லியன் சதுர கிலோமீட்டர். துணைக்கோள் கணக்கில் 2 மில்லியனுக்குக் கீழே அது இறங்கியது அதுவே முதன்முறை. மறு ஆண்டு பிப்ரவரியில் 1.79 மில்லியன் என்று மேலும் சரிந்தது. 2024லும் 2025லும் 2 மில்லியனை எட்டவில்லை. தொடர்ந்து நான்கு கோடைகள்.

கோடையில் குறைந்தாலும் குளிர்காலத்தில் ஈடுகட்டிவிடும் என்று சிலர் எண்ணினர். 2023ஆம் ஆண்டு அந்த எண்ணத்தையும் கலைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் தேதி எட்டிய உச்சம் 16.96 மில்லியன் சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதற்கு முன் ஆகக் குறைவான குளிர்கால உச்சம் 1986ல் பதிவானது. அதையும்விட ஒரு மில்லியன் குறைவு. சராசரியோடு ஒப்பிட்டால் 1.75 மில்லியன் சதுர கிலோமீட்டர் பனி வரவேயில்லை. ஐந்து மலேசியாக்களைவிடப் பெரிய பரப்பு அது. 2024ன் உச்சம் வரலாற்றில் இரண்டாவது ஆகக் குறைவு. 2025 செப்டம்பரில் எட்டிய 17.81 மில்லியன் மூன்றாவது ஆகக் குறைவு.

ஏன் இப்படி?

2016ன் திடீர்ச் சரிவில் காற்றுக்கும் பங்கு உண்டு. 2015-16ல் வீசிய வலுவான எல் நினோ வெப்பமண்டலத்திலிருந்து துருவம் வரை காற்றோட்டத்தைக் குலைத்தது. எல் நினோ நமக்குப் புதிதல்ல. 2015ல் நம்மை வாரக்கணக்கில் முகக்கவசத்துடன் நடமாடவைத்த புகைமூட்டத்தைக் கடுமையாக்கியதும் அதே எல் நினோதான். ஆனால் எல் நினோ வந்துபோய்ப் பல ஆண்டுகளாகியும் பனி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எனவே ஆய்வாளர்கள் கடலுக்குள் பார்க்கத் தொடங்கினர்.

அண்டார்ட்டிக்காவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் நீர் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த, இலேசான நீர். அதற்குக் கீழே உப்பு மிகுந்த, கனமான நீர். வியப்பு என்னவென்றால், கீழே இருக்கும் அந்த நீர்தான் மேல்நீரைவிட வெதுவெதுப்பானது. உப்பின் கனத்தால் அது மேலே வர முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. மேலடுக்கு ஒரு மூடிபோல் அந்த வெப்பத்தை அடக்கி வைப்பதால்தான் குளிர்காலத்தில் பனி நிம்மதியாக விரிய முடிகிறது.

கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழுள்ள நீர் சூடேறி வருவதை 2023ல் வெளியான ஓர் ஆய்வு பனிக் குறைவோடு தொடர்புபடுத்தியது. அங்குள்ள கடற்பனி புதியதொரு நிலைக்குள் நுழைந்துவிட்டதாக அது கருதியது. 2025ல் வந்த மற்றோர் ஆய்வு ஐரோப்பியத் துணைக்கோள் தரவுகளைக் கொண்டு இன்னொரு மாற்றத்தைக் காட்டியது. 2015 முதல் தென்பெருங்கடலின் மேல்நீரில் உப்பு கூடிவருகிறது. மேல்நீர் உப்பானால் கனமாகும். கனமானால் கீழ்நீரோடு எளிதில் கலக்கும். மூடி தளர்ந்தால் அடியிலிருந்த வெப்பம் மேலே வந்து பனியைத் தின்னும்.

இது நிலையான மாற்றமா, சில பத்தாண்டுகளில் திரும்பிவிடக்கூடிய ஊசலாட்டமா என்ற விவாதம் அறிவியலாளர்களிடையே தொடர்கிறது. 2016க்குப் பிந்தைய பனியை அதற்கு முந்தைய காலத்தின் அளவுகோலால் அளக்க முடியாது என்ற கருத்து வலுப்பெற்றுவருகிறது.

முதல் வேலை: வெயிலைத் திருப்பி அனுப்புவது

கடற்பனி சும்மா மிதப்பதில்லை. அது குறைந்தால் எவையெல்லாம் தடைபடும் என்று பார்த்தால்தான் அது செய்துவந்த வேலைகள் தெரியவருகின்றன.

திறந்த கடல் தன்மேல் படும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். மீதியை உறிஞ்சிச் சூடேறும். வெறும் கடற்பனி 50 முதல் 70 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேலே புதுப்பனி படிந்திருந்தால் 90 விழுக்காடுகூடத் திரும்பிவிடும். கருப்புச் சட்டை போட்டு வெயிலில் நடப்பதற்கும் வெள்ளைச் சட்டை போட்டு நடப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இங்கேதான் பருவம் முக்கியமாகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கு சூரிய ஒளி மிகக் குறைவு. அப்போது பனி எவ்வளவு இருந்தாலும் திருப்பி அனுப்ப வெயில் இல்லை. நவம்பர், டிசம்பரில் வெயில் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பனி முன்கூட்டியே கரைந்துவிட்டால் கடல் கூடுதல் வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். சூடான கடல் அடுத்த இலையுதிர்காலத்தில் தாமதமாகத்தான் உறையும். ஓர் ஆண்டின் குறை அடுத்த ஆண்டுக்குக் கடனாகத் தொடர்கிறது.

இரண்டாவது வேலை: ஆழ்கடலுக்குக் காற்றூட்டுவது

உறையும் கடல் உப்பைக் கீழே தள்ளுகிறது என்று பார்த்தோம். வெடெல் கடல், ராஸ் கடல் போன்ற சில இடங்களில், கண்டத்திலிருந்து வீசும் கடுங்காற்று புதுப்பனியைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். திறந்த நீர் மீண்டும் உறையும். மீண்டும் காற்று தள்ளும். பனித் தொழிற்சாலைபோல் இயங்கும் அந்த இடங்களில் மிகக் குளிர்ந்த, மிக உப்பான, மிகக் கனமான நீர் உருவாகிறது. அது கண்டச் சரிவில் வழிந்து கடலின் அடித்தளத்துக்கு இறங்கி, வடக்கு நோக்கி இந்து, பசிபிக், அட்லாண்டிக் பெருங்கடல்களின் அடியில் பரவுகிறது. மேலே வெயில் கொளுத்தும் இந்தியப் பெருங்கடலிலும் பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீர் ஓரிரு டிகிரிக் குளிரில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த நீர் மேற்பரப்பின் பிராணவாயுவை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்கிறது. உலகக் கடல்களின் பெருஞ்சுழற்சிக்கும் இது உந்துவிசை. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் கடல்கள் உறிஞ்சுகின்ற அளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தென்பெருங்கடல்தான் ஏற்கிறது. அந்தக் கடலின் இயக்கம் மாறினால் அதன் விளைவு தென்கோடியோடு நின்றுவிடாது.

மூன்றாவது வேலை: தொட்டில் கட்டுவது

எம்பரர் பென்குவின் மே, ஜூன் மாதங்களில், கடும் குளிரில், முட்டையிடும். ஆண் பறவை அதைத் தன் கால்களின்மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சாப்பிடாமல் நின்று அடைகாக்கும். இவை பெரும்பாலும் நடப்பது நிலத்தில் அல்ல, கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியின்மேல். குஞ்சுகளின் பஞ்சு உடல் நீரைத் தாங்காது. டிசம்பர், ஜனவரியில் நீர் ஒட்டாத இறகுகள் முளைக்கும்வரை அவற்றின் காலுக்குக் கீழே பனி உறுதியாக இருந்தாக வேண்டும்.

2022ன் வசந்த காலத்தில் அண்டார்ட்டிக்காத் தீபகற்பத்துக்கு மேற்கேயுள்ள பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த ஐந்து எம்பரர் பென்குவின் குடியிருப்புகளில் நான்கில், இறகு முளைக்கும் முன்பே பனி கலைந்துபோனது. அந்த நான்கிலும் குஞ்சு எதுவும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று பிரிட்டிஷ் அண்டார்ட்டிக் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் மறு ஆண்டு அறிவித்தனர். வெள்ளைப் பனியில் பறவைகளின் எச்சம் பழுப்புக் கறையாகத் துணைக்கோள் படங்களில் தெரியும். கறை இருந்த இடத்தில் பிறகு திறந்த நீர் மட்டுமே தெரிந்தது. பெரிய பறவைகள் அடுத்த ஆண்டு வேறிடம் தேடிப் போகலாம். ஒரு வட்டாரம் முழுவதும் பனி இல்லையென்றால் எங்கே போவது?

பனிக்கு அடியிலும் உயிர் இருக்கிறது. கடற்பனியின் அடிப்பக்கத்தில் பாசி வளரும். இறால்போன்ற சிறு உயிரினமான கிரில்லின் குஞ்சுகள் குளிர்காலத்தில் அதைத் தின்றுதான் வளர்கின்றன. அந்தக் கிரில்லைத் தின்று திமிங்கிலம், கடல்நாய், பென்குவின் எல்லாம் வாழ்கின்றன. நம் ஊர் மருந்துக்கடைகளில் விற்கும் கிரில் எண்ணெய் மாத்திரையும் அந்தக் கடலிலிருந்து வருவதுதான்.

நான்காவது வேலை: காவல் நிற்பது

நம் கரைகளோடு நேரடித் தொடர்புள்ள வேலை இதுதான். பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் கடற்பனிக்குள் நுழைந்ததும் வலுவிழக்கும். பனி இல்லாவிட்டால் அவை நேராகப் பனித்தட்டுகளில் போய் மோதும். 2002ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘லார்சன் பி’ என்ற பனித்தட்டில், நான்கு சிங்கப்பூர்களைவிடப் பெரிய 3,250 சதுர கிலோமீட்டர் பகுதி, சில வாரங்களில் நொறுங்கி விழுந்தது. சூடான கோடையில் அதன் மேற்பரப்பில் தேங்கிய உருகுநீர் அதைப் பலவீனப்படுத்தியிருந்தது. முன்னால் காவல் நின்ற கடற்பனி இல்லாமல் போனதும், அலைகள் அதை வளைத்து உலுக்கியதும் சேர்ந்துதான் அதை உடைத்தன என்று 2018ல் வெளியான ஆய்வு காட்டியது.

பனித்தட்டும் மிதப்பதுதான். அது உடைந்தாலும் தே ஓ ஐஸ் விதிப்படி கடல்மட்டம் உடனே உயராது. ஆனால் அது கதவுக்குக் கொடுத்த முட்டுபோல் பின்னாலிருந்த பனியாறுகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. முட்டு போனதும் அந்தப் பனியாறுகள் பல மடங்கு வேகத்தில் கடலுக்குள் இறங்கின. அவை நிலத்திலிருந்து வரும் பனி. குவளைக்கு வெளியிலிருந்து புதிதாகப் போடும் பனிக்கட்டி. அதனால் கடல்மட்டம் உயரும்.

நம் வாசல்வரை

அண்டார்ட்டிக்காவில் உருகும் பனிக்கு ஒரு விசித்திரம் உண்டு. பிரம்மாண்டமான பனிப்பாளம் தன் ஈர்ப்பு விசையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறையும். பிடித்துவைத்திருந்த நீர் விலகித் தொலைவான கடல்களுக்குப் போகும். அதனால் அங்கே பனி உருகினால், கடல்மட்டம் உலகச் சராசரியைவிடக் கூடுதலாக உயரக்கூடிய இடங்களில் நம் வெப்பமண்டலக் கடல்களும் அடங்கும்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, வெப்ப வாயுக்கள் கட்டுக்கடங்காமல் போனால் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று கணித்தது. 2150க்குள் ஏறக்குறைய 2 மீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டரில் ‘லாங் ஐலண்ட்’ நிலமீட்புத் திட்டம் வருவதற்கும், கரையோரப் பாதுகாப்புக்கு நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் சொன்னதற்கும் பின்னணி இதுதான். மலேசியாவில் கிள்ளான், கோல சிலாங்கூர் போன்ற தாழ்வான கரையோரங்களில் கடல் பெருக்கெடுக்கும் நாள்களில் இப்போதே எச்சரிக்கை விடப்படுகிறது. அந்தப் பெருக்கு ஒரு மீட்டர் உயரமான கடலிலிருந்து தொடங்கினால் என்னாகும் என்பதைக் கரையோரம் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அண்டார்ட்டிக்கா தொலைவிலுள்ள பணக்கார நாடுகளின் விவகாரம் என்ற எண்ணத்தை முதலில் எதிர்த்தவர்களில் மலேசியாவும் ஒன்று. அந்தக் கண்டம் உலகம் முழுவதற்கும் பொதுவானது என்று 1982ல் பிரதமர் மகாதீர் முகம்மது ஐநா பொதுச்சபையில் வாதிட்டார். பின்னர் மலேசிய ஆய்வாளர்கள் அங்கு சென்று ஆய்வு செய்யத் தொடங்கினர். 2011ல் மலேசியா அண்டார்ட்டிக்கா உடன்பாட்டில் சேர்ந்தது. பொதுச் சொத்து என்றால் அதன் பாதிப்பும் பொதுதான் என்பது இப்போது கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால்

ஒவ்வோர் ஆண்டும் இருமுறை அண்டார்ட்டிக்காவின் கடற்பனி பற்றிய செய்தி வரும். பிப்ரவரி இறுதியில் ஆகக் குறைந்த அளவு, செப்டம்பர் நடுவில் ஆகக் கூடிய அளவு. ஏதாவது ஓர் ஆண்டு பனி சற்றுக் கூடினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். சற்றுக் குறைந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் உடனே நம்ப வேண்டாம். பனி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது இயல்பு. பத்தாண்டுச் சராசரி எந்தப் பக்கம் போகிறது, வசந்த காலத்தில் எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்ற இரண்டையும்தான் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுக்க இரண்டே எண்கள் போதும். பிப்ரவரியில் 3, செப்டம்பரில் 18.5, இரண்டும் மில்லியன் சதுர கிலோமீட்டரில். அடுத்த முறை செய்தியில் எண் வரும்போது அது எவ்வளவு தள்ளியிருக்கிறது, எத்தனை சிங்கப்பூர் பனி வராமல் போனது என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.